இரண்டு மதிப்பெண்

தேர்வு எழுதியவர் பலர். தேர்வு நடத்தியவர் சிலர். நம் மன்றத்து நண்பர்களுள் ஆங்கிலத் திறன் தேர்வு ஒன்றையேனும் எழுதாதவரைக் காண்பது அரிது. ஐயெல்ட்ஸ் எழுதியவர்கள் இருக்கிறீர்கள். டோஃபல் எழுதிப் பணத்தையும் உறக்கத்தையும் சேர்த்து இழந்தவர்கள் இருக்கிறீர்கள். ஆயின் மேசைக்கு மறுபுறம் அமர்ந்து, ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் சிவப்புப் பேனாவுமாக இருந்தவர்கள் நம்முள் மிகச் சிலரே. அச்சிலருள் நானும் ஒருவன். 'ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் எங்ஙனம் போடப்படுகிறது? அதைக் கொண்டு உதவித்தொகை எங்ஙனம் முடிவாகிறது? எழுதித் தாருங்கள்' என்று மலர்க்குழுவினர் கேட்டனர். அறிந்ததை எழுதுகிறேன். எழுதும்போது ஒரு பழைய கணக்கையும் சொல்லவேண்டியிருக்கிறது. அஃது என் தவற்றின் கணக்கு.

நான் வாஷியில் இருக்கிறேன். 1992இல் மின்சார வண்டி மான்கூர்டைத் தாண்டி, கடற்கழியின்மேல் ஓடி, வாஷிக்கு வந்து சேர்ந்தது. அதன்பின் மாதுங்காவிலும் செம்பூரிலும் நெருக்கி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இக்கரைக்குக் குடிபெயர்ந்தன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இங்கே ஓர் அறக்கட்டளை உண்டு. பெயர் வேண்டா, செய்யும் பணிதான் நமக்கு வேண்டும். கல்லூரி முதலாண்டில் சேரும் எளிய குடும்பத்து மாணவர்க்குக் கட்டணத்தின் பெரும்பகுதியை அது கட்டுகிறது. தாராவியிலிருந்தும், மாதுங்கா லேபர் கேம்பிலிருந்தும், செம்பூரிலிருந்தும், துர்பேயிலிருந்தும் விண்ணப்பங்கள் வரும். தமிழ் மாணவர் மட்டும் அல்லர். மராத்தி, இந்தி, உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகளும் வருவர். கட்டளை வைத்த தகுதிகள் இரண்டு. ஒன்று, குடும்ப வருமானம். மற்றொன்று, ஆங்கிலத் தேர்வில் 100க்கு 60.

ஏழைக்குப் பணம் கொடுக்க ஆங்கிலம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கட்டளையின் பெரியவர்கள் சொன்ன விடை இது: கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, அதைப் புரிந்துகொள்ள முடியாதவர் முதலாண்டிலேயே நின்றுவிடுவார், அவருக்குக் கட்டிய பணம் அவருக்கும் பயன்படாது, வேறொருவர்க்கும் பயன்படாது. இது கல்நெஞ்சர் பேச்சு அன்று. கையில் கொஞ்சமாகப் பணம் உள்ளவர் பேச்சு. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. 'புரிந்துகொள்ள முடியாதவர் இவர்' என்று ஒரு தாளை வைத்து யார் சொல்வது? எவ்வளவு உறுதியாகச் சொல்வது?

இவ்வாறு எண்ணியவர்கள் வாஷிக்காரர்கள் மட்டும் அல்லர். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் கல்லூரி மாணவர்க்கு மைய அரசின் உதவிப் பணத்துக்கு வழி வகுத்தது. உயர்நிலைப் பள்ளிச் சான்று இல்லாதவர்க்கும் அவ்வுதவி கிடைக்கப் பின்னர் ஒரு வாயில் திறந்தார்கள். 'படிப்பால் பயன்பெறும் திறன் இவருக்கு உண்டு' என்று கல்வித்துறை ஏற்ற தேர்வு ஒன்றில் தேறிக் காட்டவேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத குடியேறிகளுக்கென ஆங்கிலத் திறன் தேர்வுகளும் அப்பட்டியலில் இருந்தன. செல்சா என்று சுருக்கி அழைக்கப்பட்ட தேர்வு அவற்றுள் ஒன்று. பத்திகளில் இடம் விட்டிருக்கும். பொருத்தமான சொல்லைத் தேர்ந்து நிரப்பவேண்டும்.

அந்நாட்டு விதிகளில் என்னை ஈர்த்தது வினாத்தாள் அன்று. தேர்வை யார் நடத்தவேண்டும் என்ற பகுதியே என்னை ஈர்த்தது. கல்லூரி தன் மாணவனைத் தானே சோதித்து, தானே தேறினான் என்று எழுதி, அரசுப் பணத்தை வாங்கிக்கொள்ள முடியாது. தேர்வு நடத்துபவர் தேர்வை வெளியிட்ட நிறுவனத்திடம் சான்று பெற்றிருக்கவேண்டும். அவருக்கு அக்கல்லூரியில் உடைமையோ, தேர்வுக் கூலி ஒழிந்த வேறு பண ஆதாயமோ இருத்தல் கூடாது. இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று வியந்தேன். 2009இல் வெளிவந்த ஒரு தணிக்கை அறிக்கை அந்த வியப்பைத் தீர்த்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் தன் ஆட்களையே மாணவர்போல ஒரு தனியார் கல்லூரிக்கு அனுப்பிற்று. தேர்வுக் கூடத்தில் இருந்த அதிகாரிகளே சில வினாக்களுக்கு விடை சொன்னார்கள். தவறாக விடையளித்த தாள்களும் பிறகு திருத்தப்பட்டுத் தேர்ச்சி ஆகியிருந்தன. மாணவர் உள்ளே வந்தால் பணம் வரும். ஆகையால் மாணவர் எல்லாரும் தேறினர்!

எங்கள் வாஷிக் கட்டளையின் நிலை இதற்கு நேர் எதிர். அங்கே தேர்வு நடந்த இடத்துக்குப் பணம் வரும். இங்கே தேர்வு நடத்தும் இடத்திலிருந்து பணம் போகும். நன்கொடை குறைந்த ஆண்டில் தேறியவர் தொகையும் குறைந்தால் கணக்கு எளிதாக முடியும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அத்தகைய ஆண்டில் தாள் சற்றுக் கடினமாகவே அமைந்துவிடுகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். கொடுப்பவன் கையிலேயே அளவுகோலும் இருந்தால் கோல் தானே நீளும்.

இனி நடத்தும் முறைக்கு வருவோம்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். மும்பையில் வாழ்வோர்க்கு ஞாயிறு என்றால் மெகா பிளாக் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஹார்பர் லைனில் பழுதுபார்க்க வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். என் முதலாண்டில் பத்து மணித் தேர்வுக்குச் செம்பூர் மாணவர் பத்தரைக்கு வந்தனர். தாராவியிலிருந்து வந்தவர் சிலர் பதினொன்றுக்கு வியர்வை சொட்ட வந்தனர். வாஷியிலேயே வீடுள்ள பிள்ளைகள் ஒன்பது மணிக்கே வந்து காற்றாடியின் கீழ் இடம் பிடித்திருந்தனர். பிந்தி வந்தவரை உள்ளே விட்டேன். ஆனால் எல்லார்க்கும் ஒரே நேரத்தில் தாள்களை வாங்கினேன். அன்று அது நேர்மை என்று எனக்குத் தோன்றிற்று. உண்மையில் ஒருவன் தொண்ணூறு மணித்துளி எழுதிய தாளையும், மற்றொருவன் முப்பது மணித்துளி எழுதிய தாளையும் ஒரே கோலால் அளந்தேன். ஆங்கிலத்தை அளந்தேனா, வீட்டுக்கும் வாஷி நிலையத்துக்கும் இடையேயுள்ள தொலைவை அளந்தேனா?

அடுத்த ஆண்டு, பிந்தியவர்க்கெனப் பிற்பகல் இரண்டாம் அமர்வு வைத்தோம். அதே தாளைக் கொடுக்க முடியுமா? காலையில் எழுதியவர் வாயிலிலேயே வினாக்களைச் சொல்லிவிடுவர். ஆகவே வேறு தாள். வேறு தாள் என்றால் கடினமும் வேறு. இங்கேதான் புள்ளியியல் கைகொடுக்கிறது. இரு தாளிலும் வினாக்கள் சில பொதுவாக இருக்கவேண்டும். அப்பொது வினாக்களில் இரு கூட்டத்தாரும் எவ்வாறு எழுதினர் என்று பார்த்து, எந்தத் தாள் எவ்வளவு கடினம் என்று கணித்து, மதிப்பெண்ணைச் சமன்செய்யவேண்டும். பெரிய தேர்வு நிறுவனங்கள் நாடுதோறும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு தாள் கொடுத்தும் ஒரே அளவில் மதிப்பெண் தருவது இத்தகைய சமன்பாட்டினாலேயே. எங்கள் சிறு கூட்டத்தில் இக்கணக்கு அரைகுறையாகவே இயலும். எனினும் கணக்கே இல்லாமைக்கு அது மேல்.

சொல்வதை எழுதும் பகுதி ஒன்று உண்டு. பத்தியை முதலில் நானே படித்தேன். என் ஆங்கிலத்தில் மாதுங்கா மணக்கும். தமிழ்ப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு எழுதினர். பக்கத்து வரிசையில் இருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிற்பகல் அமர்வில் ஒரு பஞ்சாபி நண்பர் படித்தார். பார்வைகள் இடம் மாறின. அதன்பின் குரலைப் பதிவுசெய்து, இரு அமர்வுக்கும் அதையே ஒலிக்கச் செய்தோம். ஒலிபெருக்கி கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று முன்னாளே போய் உட்கார்ந்து பார்ப்பதும் தேர்வு நடத்துபவன் வேலைதான். பார்வைக் குறையுள்ள மாணவர்க்கும், எழுத இயலாத கையுடையவர்க்கும் மணிக்கு 20 மணித்துளிக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரவேண்டும் என்பது 2018இல் நடுவணரசு வகுத்த நெறி, அதையும் பின்பற்றுகிறோம்.

மதிப்பெண் பங்கீடு இது: இடம் நிரப்பல் 40, சொல்வதை எழுதல் 20, கட்டுரை 25, நேர்ப்பேச்சு 15.

இடம் நிரப்பலைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; என் தவறு பிறந்த இடம் அதுவே. ஒரு பத்தியை எடுத்து, ஏழு சொல்லுக்கு ஒரு சொல்லாக நீக்கிவிட்டு, நீங்கிய சொல்லை ஊகித்து எழுதச் சொல்வது இம்முறை. 1953இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் இதற்குக் 'குளோஸ்' என்று பெயரிட்டார். அவர் நோக்கம் மாணவரைச் சோதிப்பதன்று. ஓர் எழுத்து படிக்க எளிதா, கடினமா என்று காண்பதே. மொழித் தேர்வாளர்கள் பின்னர் இதைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். மலிவான முறை, அறையில் நூறு பேர் இருந்தாலும் நடத்தலாம். சொல்லறிவு, இலக்கணம், முன்பின் தொடர்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வெளிப்படும்.

தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டுப் பாருங்கள். 'ஞாயிறு காலை அவன் குர்லாவில் இறங்கி, ...... வண்டியில் ஏறி வாஷிக்கு வந்தான்.' மூலத்தில் இருந்த சொல் 'வேறு' என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 'மற்றொரு' என்கிறார். ஒருவர் 'அடுத்த' என்கிறார். நாளும் பயணம் செய்து நொந்த ஒருவர் 'பன்வேல்' என்கிறார். எவர் தமிழ் குறைவு? ஒருவர் தமிழும் குறைவில்லை. ஆனால் மூலச்சொல்லையே எழுதவேண்டும் என்று விதித்தால் மூவர்க்கும் சுழிதான்.

திருத்துவதில் இவ்வாறு இரு வழி உண்டு. மூலச்சொல்லுக்கு மட்டும் மதிப்பெண் தருவது ஒன்று. பொருந்தும் சொல் எதற்கும் தருவது மற்றொன்று. முதல் வழி விரைவானது, யார் திருத்தினாலும் ஒரே விடை வரும், சண்டை வராது. இரண்டாம் வழியில் எது பொருந்தும் எது பொருந்தாது என்று முன்கூட்டியே பட்டியல் வகுக்கவேண்டும். ஆங்கிலம் நன்கறிந்தவர் பலரிடம் அத்தாளைக் கொடுத்து அவர்கள் எழுதியதைத் தொகுக்கவேண்டும். வேலை மிகுதி. இரு வழியிலும் திருத்திப் பார்த்தால், பெருந்திரளான மாணவரின் வரிசைமுறை பெரிதும் மாறுவதில்லை என்று ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். நான் அதைப் படித்திருந்தேன். ஆகவே முதல் வழியைக் கைக்கொண்டேன். படித்ததில் 'பெருந்திரளான' என்ற சொல்லை மட்டும் கவனிக்கத் தவறினேன்.

கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது இதினும் தொல்லை. 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதிய இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினர். 142 ஆசிரியர் திருத்தித் திருப்பினர். ஒரே தாள், ஒருவர் 64 போட்டார், மற்றொருவர் 98 போட்டார்! இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை வந்தது. நூறாண்டுக்கு முந்திய கதை என்று ஒதுக்கவேண்டா. நீங்கள் இன்றே பத்துக் கட்டுரையைத் திருத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து மதிப்பெண்ணை மறைத்து மறுபடி திருத்திப் பாருங்கள். நான் பார்த்தேன், யாரிடமும் காட்டவில்லை. மிக நல்ல கட்டுரை ஒன்றை அடுத்து வரும் நடுத்தரக் கட்டுரை அடிபடுகிறது. அழகிய கையெழுத்து இரண்டு மதிப்பெண் திருடிக்கொண்டு போகிறது. பகலுணவுக்கு முன் திருத்திய தாள்களுக்கும் பின் திருத்தியவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை நான் எழுதவே போவதில்லை.

இதற்கு மருந்து உண்டு. பெயரை மறைத்து எண்ணிடுதல். 'எதைச் சொன்னார், எவ்வாறு கோத்தார், சொல்வளம், இலக்கணம்' என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியே மதிப்பெண் போடுதல். ஒருவர் போட்டதை மற்றவர் அறியாமல் இருவர் திருத்துதல். இருவர்க்கும் வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவரிடம் போதல். ஐயெல்ட்ஸ் எழுத்துத் தேர்வும் இத்தகைய நான்கு கூறுகளைச் சம எடையாகக் கொள்கிறது; இரண்டாம் வினாவுக்கு முதல் வினாவைப்போல் இருமடங்கு எடை. எங்களிடம் அந்நாளில் திருத்துபவன் ஒருவனே. நானே.

மூன்றாம் ஆண்டு. தாராவியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்தவர். தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். எட்டாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு ஆங்கில வழிக்கு மாறினாள். நேர்ப்பேச்சில் தயங்கித் தயங்கிப் பேசினாள். ஆனால் கேட்டதற்கு விடை சொன்னாள். அவள் பெற்றது 58. கடிதம் போயிற்று: 'வருந்துகிறோம்.'

அடுத்த வாரம் தந்தையார் வாஷிக்கு வந்தார். கையில் அந்தக் கடிதம். நான்காக மடித்து, நெகிழி உறையில் வைத்திருந்தார்.

"சார், ரெண்டு மார்க்குதானே?" என்றார்.

"ஆமாம் அண்ணாச்சி. ஆனா ரெண்டு மார்க்குக்காக விட்டா அடுத்தவர் மூணு மார்க்குன்னு வருவாரே. கோடுன்னு ஒண்ணு போட்டாச்சு" என்றேன்.

"கோடு போட்டது நீங்கதானே சார்?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளவே கேட்டார். நான் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரவு உறக்கம் வரவில்லை. எழுந்து அவள் தாளை எடுத்தேன்.

இடம் நிரப்பலில் மூலத்தில் 'லார்ஜ்' என்று இருந்த இடத்தில் 'பிக்' என்று எழுதியிருந்தாள். 'ஸ்டார்ட்' இருந்த இடத்தில் 'பிகின்'. இவ்வாறு எட்டு இடங்கள். ஒன்றும் பிழையன்று, பத்தியின் பொருளுக்கு முற்றும் பொருந்தியவை. அந்த எட்டையும் நான் அடித்திருந்தேன். பொருந்தும் சொல்லுக்கு மதிப்பெண் தந்தால் அவளுக்கு 66. அன்றிரவே எல்லார் தாளையும் அவ்வழியில் மறுபடி திருத்தினேன். எல்லார்க்கும் ஏறிற்று, ஆனால் ஒரே அளவில் ஏறவில்லை. 59 பெற்றிருந்த ஒரு பையனுக்கு ஒன்றுதான் ஏறிற்று. அவன் வழிகாட்டி நூலில் கண்ட தொடர்களை அப்படியே மனப்பாடம் செய்தவன் என்று கட்டுரையிலேயே தெரிந்தது. இந்தப் பெண்ணோ எங்கெங்கோ கிடைத்ததைப் படித்துத் தன் சொல்லால் எழுதப் பழகியவள். என் விதி முன்னவனுக்கு இசைவாகவும் பின்னவளுக்குப் பகையாகவும் இருந்திருக்கிறது. பெருந்திரளின் வரிசை மாறவில்லை என்பது மெய்தான். கோட்டின் பக்கத்தில் நின்றவர் வரிசை மாறிற்று. பணம் முடிவாகும் இடமும் அதுவே.

கோட்டின் பக்கம் என்றேன். அதன் அகலம் எவ்வளவு? இதைக் கணக்கிட முடியும். ஒரே மாணவனை, கற்றதை மறக்கச் செய்து, பலமுறை சோதித்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மதிப்பெண் வராது; சற்று ஏறியும் இறங்கியும் வரும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவைத் திட்டப் பிழை என்பர். தேர்வின் நம்பகத்தை 1லிருந்து கழித்து, வர்க்கமூலம் கண்டு, மதிப்பெண்களின் திட்டவிலக்கத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். நம்பகம் 0.91 என்றும் திட்டவிலக்கம் 12 என்றும் வைத்துக்கொள்வோம். 0.09க்கு வர்க்கமூலம் 0.3, 12ஆல் பெருக்க 3.6. அதாவது 58 பெற்றவரின் உண்மைத் திறன் 54க்கும் 62க்கும் இடையே எங்கேனும் இருக்கலாம். மூவரில் இருவர்க்கே இந்த எல்லையும் பொருந்தும். எஞ்சிய ஒருவர் அதற்கும் வெளியே இருப்பார். 0.91 என்பது நல்ல தேர்வுக்குரிய எண். ஒரே ஆள் திருத்திய எங்கள் தாளுக்கு அவ்வளவு வந்திருக்கும் என்று நான் சொல்லத் துணியேன். ஆகவே 58க்கும் 60க்கும் உள்ள வேறுபாடு மாணவர் வேறுபாடு அன்று, தேர்வின் நடுக்கம். 'கோடு போட்டது நீங்கதானே' என்று அவர் கேட்டதற்கு நான் சொல்லியிருக்கவேண்டிய விடை இதுவே.

உங்கட்கு நெருக்கமான தேர்விலும் இந்நடுக்கம் உண்டு. ஐயெல்ட்ஸில் நான்கு பகுதிகளின் சராசரியை அருகிலுள்ள அரை அளவுக்குச் சரிசெய்வர். கேட்டல் 6.5, படித்தல் 6.5, எழுதல் 5.0, பேசல் 7.0 என்றால் சராசரி 6.25, அது 6.5 ஆக உயரும். பேசலில் மட்டும் அரை குறைந்து 6.5 ஆனால் சராசரி 6.125, அது 6.0 ஆக இறங்கும். 11 முதல் 14 மணித்துளிப் பேச்சில் அரை அளவு குறைந்தது, மொத்தத்திலும் அரை குறைந்தது, 6.5 கேட்கும் உதவித்தொகை கைநழுவிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துணையாசிரியர் வேலை பெற்று அதனால் கட்டணத்தைத் தள்ளிக்கொள்ளும் நம் மாணவர்க்கும் பேச்சு மதிப்பெண்ணே பல இடங்களில் வாயில் காக்கிறது.

எண்கள் தாமும் என்றும் நிலைத்தவை அல்ல. 1964இல் தொடங்கிய டோஃபல், தாளில் எழுதிய காலத்தில் 677 என்ற விந்தையான உச்சம் உடையதாயிருந்தது. மூன்று பகுதியின் உச்சம் 68, 68, 67, கூட்டினால் 203, பத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 677. பிறகு 1998இல் கணிப்பொறிக்குப் போனபோது 300 ஆயிற்று. 2005இல் இணையவழி வந்தபோது 120 ஆயிற்று. 2026 ஜனவரியில் 1 முதல் 6 வரையிலான அளவு வந்தது. மூத்த அண்ணன்மார் '600 வாங்கினேன்' என்று பெருமை பேசினால் 120ஐ நினைத்து மயங்கி விழவேண்டா.

மறுநாள் காலை நான் மறுபடி திருத்திய கணக்கோடு கட்டளைக்குப் போனேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். "எல்லார்க்கும் மதிப்பெண் ஏறுகிறதென்றால் கோட்டையும் ஏற்றவேண்டாமா?" என்றார். கேள்வி சரியானதே. தாளைத் திருத்தும் விதி மாறினால் 60 என்ற எண்ணின் பொருளும் மாறும். அறுபது எங்கிருந்து வந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. முதல் வகுப்புக்கு 60 என்பதால் யாரோ முன்னாளில் வைத்திருக்கவேண்டும். அமெரிக்க விதியிலேனும் பொதுத் தேர்வுகளுக்கு ஒரு காரணம் காட்டினர்: உயர்நிலைப் பள்ளி முடித்தோர் அத்தேர்வில் பெறும் சராசரிக்கு ஒரு திட்டவிலக்கம் கீழே கோடு. 'பள்ளி முடித்தவருள் கடைக்கோடியில் உள்ளவரை ஒத்திருந்தாலும் போதும்' என்பது அதன் பொருள். ஏற்கலாம், மறுக்கலாம், பொருள் என்று ஒன்று உண்டு. எங்கள் அறுபதுக்குப் பொருளே இல்லை.

ஆயினும் அவ்வாண்டுப் பணம் பங்கிடப்பட்டுவிட்டது. கடிதம் பெற்றவரிடம் திரும்பக் கேட்க முடியாது, கேட்பதும் தகாது. 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்று கூட்டம் முடிந்தது. நான் அந்தத் தந்தையாருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். என் தவறு என்றும் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அவளுக்கு இங்கிலீஷ் தெரியும்தானே சார்?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். "அதைச் சொல்லிருதேன்" என்றார். அப்பெண் அவ்வாண்டு கல்லூரியில் சேரவில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பங்களில் அவள் பெயரைத் தேடினேன், இல்லை.

இப்போதைய முறை சில விவாதங்களுக்குப் பின் அமைந்தது. கட்டுரைக்கு இருவர் திருத்துகிறோம். இடம் நிரப்பலுக்குப் பொருந்து சொற்பட்டியல் தேர்வுக்கு முன்னரே ஆயத்தமாகிறது. நன்கொடை எவ்வளவு வந்தது என்பது திருத்துபவர்க்குத் தெரியக்கூடாது. கோட்டின் இருபுறமும் நான்கு மதிப்பெண் வரை நிற்பவரின் தாள்கள் அனைத்தும் மூன்றாமவரிடம் போகின்றன. அதன் பின்னும் 56க்கும் 60க்கும் இடையே நிற்பவர்க்கு முதற்பருவக் கட்டணத்தை மட்டும் கட்டுகிறோம். கல்லூரியின் முதற்பருவத் தேர்வில் தேறினால் மீதியும் உண்டு. இக்கடைசி விதி எங்கள் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், தேர்வு எழுதாமலே கல்லூரியில் ஆறு பாட அலகுகளைச் செவ்வையாக முடித்துக் காட்டியவரையும் 'பயன்பெறும் திறனுடையார்' என்று ஏற்றது. படிக்க முடியுமா என்பதற்குப் படித்துக் காட்டுவதைவிட வேறு என்ன சான்று? அங்கே அவ்வாயில்கள் நிலைக்கவில்லை. 2012 ஜூலை முதல் நாளுக்குப் பின் சேர்ந்த புதியவர்க்குத் தேர்வும் ஆறு அலகும் ஆகிய இரண்டு வழியும் அடைக்கப்பட்டன. 2014 இறுதியில் தொழிற்கல்வியோடு இணைந்த குறிப்பிட்ட படிப்புகளில் சேர்வோர்க்கு மட்டும் மறுபடி திறக்கப்பட்டன.

எங்கள் முதற்பருவ விதியால் வந்தோருள் சிலர் தேறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் அதை எடுத்துக்காட்டி விதியை நீக்கவேண்டும் என்பார் உளர். 70க்கு மேல் பெற்றவருள்ளும் தேறாதவர் இருக்கின்றனர் என்று நானும் பட்டியலை எடுத்து வைப்பேன். வழக்கு இன்னும் முடியவில்லை. கல்லூரி முதற்பருவ மதிப்பெண்ணையும் எங்கள் தேர்வு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள உறவு விளங்கும். புள்ளியியல் பயில்வோர் யாரேனும் இதை எடுத்துச் செய்தால் எனக்குப் பேருதவி. பெயர்களை நீக்கித் தருகிறேன்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. இவ்வாண்டுத் தேர்வுக்கு இரண்டாம் திருத்துநர் ஐவர் தேவை. ஆங்கில இலக்கியம் படித்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. முந்திய ஆண்டுத் தாள்கள் பத்தை முதலில் திருத்திக் காட்டவேண்டும். ஏற்கெனவே முடிவான மதிப்பெண்ணோடு அவை ஒத்துவந்தால் சேர்த்துக்கொள்வோம். ஒத்துவராவிட்டால் மறுபடி பத்துத் தருவோம். கூலி கிடையாது, வடையும் தேநீரும் உண்டு. தேர்வன்று காலை எட்டரைக்குள் வாஷி நிலையத்தில் இருக்கவேண்டும். மெகா பிளாக் உண்டா என்று சனிக்கிழமை மாலையே பார்த்துக்கொண்டு புறப்படுங்கள்.